வேதாளம் கடல் கடந்தது

சென்னை மாநகருக்கு வடக்கே, கொல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துச் சோழவரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் பெயரைச் சென்னை மக்கள் நன்கு அறிவர். அங்குள்ள ஏரியே அதற்குக் காரணம். கொசத்தலையாற்று நீர் பூண்டியில் தேங்கிக் கால்வாய் வழியே சோழவரத்தை அடைகிறது; அங்கிருந்து புழலுக்குச் செல்கிறது; புழலிலிருந்து நகருக்குள் புகுந்து வீடுதோறும் குடிநீர் ஆகிறது. குடத்தில் நீரை ஏந்தும் ஒருவர், அஃது எங்கே பெய்த மழை, எக்கால்வாயில் ஓடிய நீர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கதைகளும் அத்தகையனவே. பாட்டி சொல்லக் கேட்கும் கதை எந்நாட்டில் பிறந்தது, எம்மொழிகளின் வழியாக நடந்து வந்தது என்பதைச் சிறுவர் அறியார். அறியாவிடினும் கதை இனிக்கின்றது. ஆயினும், நீர் தானாகவே நகருக்கு வந்துவிடுவதில்லை. கரை கட்டியவரும் கால்வாய் வெட்டியவரும் உளர். அவ்வாறே கதை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லுமாறு வழி வகுத்தவர்களும் உளர். அவர்களே மொழிபெயர்ப்பாளர்.

சோழவரத்திற்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் பெரியதொரு தொழிற்பேட்டை அமைந்துள்ளது. அங்குள்ள ஆலைகளில் தமிழரோடு வேற்று மாநிலத்தாரும் பலர் பணி செய்கின்றனர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆயினும், “மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது, அதனுள் ஒரு பேய் குடிகொண்டிருக்கிறது, அதனை ஓர் அரசன் தோளில் சுமந்து செல்கிறான்” என்று குறிப்பாகக் கூறினால் போதும். இந்தி பேசுவோர் உடனே “பைதால்” என்பர். தமிழர் “வேதாளம்” என்பர். இருவர் முகத்திலும் ஒரே புன்னகை அரும்பும். மொழியால் வேறுபட்டோரை ஒரு கதை இவ்வாறு ஒன்றுபடுத்துகிறது.

வேதாளக் கதையின் அமைப்பை அறியாதார் அரியர். துறவி ஒருவனுக்கு வாக்களித்த விக்கிரமாதித்தன் நள்ளிரவில் சுடுகாட்டுக்குச் செல்கிறான். அங்கே மரத்தில் தொங்கும் உடலை இறக்கித் தோளில் இட்டுக்கொண்டு நடக்கிறான். அவ்வுடலுள் இருக்கும் வேதாளம் வழிநடை வருத்தம் தீர ஒரு கதை சொல்லி, அதன் முடிவில் ஒரு வினாவையும் எழுப்புகிறது. விடை தெரிந்தும் கூறாவிட்டால் அரசன் தலை வெடித்துச் சிதறும். வாய் திறந்து கூறினாலோ வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிவிடும். இவ்வாறு கதைமேல் கதையாக இருபத்தைந்து கதைகள் நடைபெறுகின்றன. வடமொழியில் இவை ‘வேதாள பஞ்சவிம்சதி’ எனப்படும். பதினொன்றாம் நூற்றாண்டில் காசுமீர நாட்டில் வாழ்ந்த சோமதேவர் என்னும் புலவர், தாம் இயற்றிய ‘கதாசரித்சாகரம்’ என்னும் பெருநூலுள் இவற்றைச் சேர்த்துவைத்தார். அப்பெருநூலுக்கு மூலம் பைசாச மொழியில் குணாட்டியர் செய்த ‘பிருகத்கதை’ என்பர். அந்தப் பிருகத்கதையின் வழியில் வந்த உதயணன் வரலாற்றையே கொங்குவேளிர் ‘பெருங்கதை’ என்னும் பெயரால் செந்தமிழ்ப் பாட்டாக்கினார். எனவே, விந்தைக் கதைகளை மொழிபெயர்க்கும் தொழில் தமிழருக்குப் புதியதன்று. வழிநூல் வகைகளைக் கூறப் புகுந்த தொல்காப்பியரும் மொழிபெயர்ப்பை அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

விந்தைக் கதைகளை விளையாட்டுப் பொருளாகக் கருதுவார் உளர். மருத்துவ நூலையும் சட்ட நூலையும் மொழிபெயர்ப்பதற்கே புலமை வேண்டும் என்றும், பேய்க்கதையை மொழிபெயர்க்க இருமொழிப் பேச்சு தெரிந்தால் போதும் என்றும் அவர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. மருத்துவ நூலை மொழிபெயர்ப்போன் ஒரு மூலிகையின் பெயரில் ஐயம் கொண்டால், அம்மூலிகையையே கண்ணாரக் கண்டு தெளியலாம். வேதாளத்தைக் கண்டவர் யார்? அது சொல்லுக்குள்ளேயே பிறந்து சொல்லுக்குள்ளேயே வாழ்வது. சொல் பிழைபட்டால், சென்று பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு வெளியே வேறொரு பொருள் இல்லை. ஆகலின், இல்லாததொன்றைப் பேசும் நூலை மொழிபெயர்ப்பதற்கு, உள்ளதொன்றைப் பேசும் நூலுக்கு வேண்டுவதினும் மிகுந்த புலமை வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிய அறிஞர் சிலரின் வரலாறு அறியத்தக்கது.

சோழவரம் இருக்கும் வட்டாரத்திற்கும் மொழிபெயர்ப்பு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதன் வடகிழக்கே கடலோரத்தில் பழவேற்காடு உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூர் ஒல்லாந்தரின் வாணிகத் துறையாக விளங்கிற்று. 1632 முதல் 1642 வரையில் அங்கே சமயப் பணி ஆற்றிய ஆபிரகாம் ரொகேரியுசு என்பார், பதுமநாபன் என்னும் அந்தணரின் துணையால் இந்நாட்டு வழக்கங்களைக் கேட்டறிந்தார். பர்த்ருஹரியின் வடமொழிப் பாக்களின் பொருளையும் அவர் வாயிலாகவே அறிந்து ஒல்லாந்த மொழியில் எழுதினார். அவர் மறைந்த பின்னர் 1651-ஆம் ஆண்டில் அந்நூல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. தமக்குத் துணை நின்றவரின் பெயரை அவர் மறைக்கவில்லை என்பது போற்றத்தக்கது. மொழிபெயர்ப்பு ஒருவர் தனித்துச் செய்யும் செயலன்று. சொல்வோர் ஒருவரும் கேட்போர் ஒருவருமாகக் கூடிச் செய்வது என்பதை அப்பெயர் உணர்த்துகின்றது.

ரொகேரியுசு கொண்டு சென்றவை அறிவுரைப் பாக்கள். விந்தைக் கதைகளைத் தமிழிலிருந்து நேரே ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்ற அறிஞருள் குறிப்பிடத்தக்கவர் பெஞ்சமின் கை பாபிங்டன் என்பார். அவர் 1794-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையில் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளராக அமர்ந்து தமிழைக் கசடறக் கற்றார். இத்தாலி நாட்டில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்து தமிழ்ப் புலவராய் விளங்கிய வீரமாமுனிவரின் நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. முனிவர் செந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1822-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், முனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பொருள் அகராதியோடும் சேர்த்து லண்டனில் வெளியிட்டார். முதற் கதைக்குச் சொல்லிலக்கணமும் எழுதிச் சேர்த்தார். நகைப்பதற்குரிய கதை என்று அவர் அதனை எளிதாக எண்ணவில்லை; காப்பியத்திற்குச் செய்யும் சிறப்பையெல்லாம் அதற்குச் செய்தார்.

உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பிய பாபிங்டன் மருத்துவம் பயின்றார். தொண்டையின் உட்பகுதியைக் கண்ணாடியின் துணையால் காண்பதற்குரிய கருவியொன்றை அமைத்து 1829-இல் லண்டன் மருத்துவர்களுக்குக் காட்டினார். 1850-இல் தொடங்கிய லண்டன் கொள்ளைநோய் ஆராய்ச்சிக் கழகத்திற்கு அவரே முதல் தலைவரானார். ஆயினும் தமிழை அவர் மறந்தாரல்லர். மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1830-இல் வெளிவந்தது. கடற்காற்றால் தேய்ந்த பல்லவர் கால எழுத்தைப் படித்தறிய முயன்ற முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அதற்கு அடுத்த ஆண்டாகிய 1831-இல், கீழைமொழி நூல்களை மொழிபெயர்த்து வெளியிடுவதற்கென அமைந்த நிதியத்தின் சார்பில், தமிழ் ‘வேதாளக் கதை’ அவரது ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தது. இவ்வாறு நம் வேதாளம் கடல் கடந்தது.

கல்வெட்டைப் படித்தவரே கதையையும் மொழிபெயர்த்தார் என்பது தற்செயலாக நேர்ந்ததன்று. இரண்டிற்கும் வேண்டும் அறிவு ஒன்றே. தேய்ந்த எழுத்து ஒன்று இன்னதுதான் என்று துணிவதற்கு, முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் அக்காலத்து வழக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். கதைச் சொல் ஒன்றின் குறிப்பை உணர்வதற்கும் அதுவே வேண்டும்.

விந்தைக் கதையை மொழிபெயர்ப்போருக்கு எதிர்ப்படும் இடர்ப்பாடுகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது பெயர். பரமார்த்த குருவின் சீடர் ஐவர். அவர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் பெயரினர். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த அறிவாளிகளுக்கு வேறு பெயர் பொருந்துமோ? தமிழ் அறிந்தவர் இப்பெயர்களைக் கேட்ட அளவிலே நகைப்பர். தமிழ் அறியாதாருக்கோ இவை வெற்றொலிகளே. பாபிங்டன் தம் நூலின் தலைப்பில் குருவின் தமிழ்ப் பெயரையே பொறித்தார். 1861-இல் லண்டனில் படங்களோடு வெளிவந்த மற்றொரு பதிப்போ வேறு வழியைப் பின்பற்றியது. அதில் குரு ‘சிம்பிள்’ ஆனார். சீடர்கள் நூடில், டூடில், வைசேக்கர், சேனி, ஃபூசில் என்று ஆங்கிலச் சிறுவர் கேட்டவுடன் சிரிக்கத்தக்க பெயர் பெற்றனர். முன்னது கற்போரை மூலத்திற்கு அழைத்துச் சென்றது. பின்னது மூலத்தைக் குழந்தைகளிடம் அழைத்து வந்தது. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பது நூல் யாருக்காக எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்ததாகும்.

இரண்டாவது இடர்ப்பாடு நாட்டுப் பொருள்கள். சோமதேவர் நூலில் வேதாளம் தங்குவது சிம்சபா என்னும் மரத்தில். தமிழரின் பழமொழியிலோ வேதாளம் ஏறுவது முருங்கை மரத்தில். வேதாளத்தைத் தமிழுக்கு அழைத்துவந்த யாரோ ஒருவர், நம் கொல்லைப் புறத்தில் நிற்கும் மரத்தையே அதற்கு இருப்பிடமாக்கிவிட்டார். எளிதில் முறியும் கிளைகளையுடைய அம்மரத்தில் பேய் தொங்குகிறது என்று கேட்ட சிறுவன், இரவில் கொல்லைப் பக்கம் செல்லவே அஞ்சுவான். இம்மாற்றம் பிழையாகுமா? மரநூல் வல்லார் பிழை என்னலாம். கதை நுட்பம் அறிந்தார் அவ்வாறு கூறார். அச்சத்தை மொழிபெயர்க்க வேண்டுமாயின், கேட்போர் நாளும் காணும் மரமே வேண்டும் என்பதை அப்பெயரறியாத் தமிழர் உணர்ந்திருந்தார்.

மூன்றாவது இடர்ப்பாடு வழக்கங்கள். வேதாளம் கூறும் கதைகளுள் ஒன்று வருமாறு: ஒரு பெண்ணை மணக்க மூவர் விரும்பினர். திருமணத்திற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள். ஒருவன் அவளது சாம்பலின்மீது படுத்துச் சுடுகாட்டிலேயே தங்கினான். ஒருவன் அவள் எலும்புகளை எடுத்துச் சென்று கங்கையில் இட்டான். ஒருவன் நாடெல்லாம் சுற்றி, இறந்தோரை எழுப்பும் மந்திரத்தைக் கற்று வந்து அவளை உயிர்ப்பித்தான். இம்மூவருள் அவளை மணத்தற்குரியவன் யார்? உயிர் கொடுத்தவன் தந்தை ஆவான். எலும்பைக் கங்கையில் இட்டவன் மகன் ஆவான். சாம்பலைப் பிரியாது கிடந்தவனே கணவன் ஆவான் என்பது அரசன் தீர்ப்பு. எலும்பைக் கங்கையில் சேர்ப்பது மகன் கடமை என்னும் வழக்கத்தை அறியாதவனுக்கு இத்தீர்ப்பு வியப்பை விளைக்குமேயன்றி விளக்கத்தைத் தாராது. சொற்களை மட்டும் மாற்றித் தருவோன் வினாவைக் கொண்டு செல்வான். விடையின் அழகை வழியிலேயே சிந்திவிடுவான். எனவேதான் மொழிபெயர்ப்போன் அறிஞனாகவும் இருத்தல் வேண்டும்.

பாபிங்டன் வேற்று நாட்டவர். தமிழைக் கற்றுக் கதைகளைத் தம் மொழிக்குக் கொண்டு சென்றார். தமிழர் ஒருவரே தம் நாட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்த வரலாறும் உண்டு. அவர் பண்டித சங்கேந்தி மகாலிங்க நடேச சாஸ்திரி. 1859-இல் பிறந்து 1906-இல் மறைந்த அவர், தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்றுத் தொல்பொருள் ஆய்வுத் துறையில் பணி புரிந்தார். தென்னாட்டுக் கோயில்களில் உள்ள தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளை அவர் மொழிபெயர்த்தார். ஜேம்சு பர்கெசு என்னும் அறிஞர் தொகுத்த கல்வெட்டு நூலில் அவை 1886-இல் இடம் பெற்றன. அதே ஆண்டில் நடேச சாஸ்திரி வேறொரு நூலையும் சென்னையில் வெளியிட்டார். அது ‘மதனகாமராஜன் கதை’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அராபிய இரவுக் கதைகளின் பெயர் மேனாட்டாரிடையே பெரிதும் வழங்கியதை அறிந்த அவர், தம் நூலுக்குத் ‘திராவிட இரவுக் களிப்புகள்’ என்று பொருள்படும் பெயரை இட்டார். அராபியருக்கு இருப்பது போன்ற கதைச் செல்வம் எமக்கும் உண்டு என்னும் பெருமிதம் அப்பெயரில் தொனிக்கின்றது.

கல்வெட்டுகளைப் படித்தெடுக்கும் பணி செய்தவருக்கு மற்றோர் உண்மையும் புலனாயிற்று போலும். கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு நின்றாலும் நிற்கும்; பாட்டியின் நாவில் உள்ள கதையோ அவளோடு மறையும். ஆகவே, ஏட்டில் ஏறாத கதைகளையும் அவர் திரட்டினார். ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ என்னும் ஆராய்ச்சி இதழில் அவற்றைத் தொடர்ந்து எழுதினார். 1884 முதல் அவை ‘தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகள்’ என்னும் பொருள்படும் பெயரில் பல பகுதிகளாக நூல்வடிவும் பெற்றன. 1890-இல் கிங்ஸ்கோட்டு அம்மையாரின் பெயரும் அவர் பெயரும் பொறித்த கதைத் தொகுதி ஒன்று லண்டனில் வெளிவந்தது.

அத்தொகுதியில் உள்ள ‘சோதிடன் மகன்’ என்னும் கதை குறிப்பிடத்தக்கது. இளமை முதல் வறுமை, பத்தாண்டுச் சிறை, கடற்கரையில் இறப்பு, அதன்பின் சிறிது இன்பம் என்று தந்தை கணித்துவைத்த பலனைத் தாங்கிக்கொண்டு ஒரு மகன் காசிக்குப் புறப்படுகிறான். இறந்த பின்னும் இன்பமா என்னும் ஐயம் அவனை வாட்டுகின்றது. வழியில் ஒரு பாழ்ங்கிணற்றில் புலியரசும் பாம்பரசும் எலியரசும் ஒரு மனிதனும் விழுந்து கிடக்கின்றனர். விலங்குகளை அவன் கரையேற்றுகிறான். அவை, “அம்மனிதனை மட்டும் நம்பாதே” என்று எச்சரித்துச் செல்கின்றன. இரக்கத்தால் அவன் மனிதனையும் காப்பாற்றுகிறான். பின்னாளில் அம்மனிதனே அவன்மீது பழி சுமத்திச் சிறைக்கு அனுப்புகிறான். காப்பாற்றப்பட்ட விலங்குகளே அவனுக்கு உணவளித்து, சிறையினின்றும் விடுவிக்கத் துணை நிற்கின்றன. விலங்குக்கு உள்ள நன்றி மனிதனுக்கு இல்லையே என்னும் வருத்தம் கதை முழுவதும் இழையோடுகின்றது. புத்த சாதகக் கதைகளிலும் இதன் சாயல் உண்டு. ஜோசப் ஜேக்கப்ஸ் என்பார் 1892-இல் ஆங்கிலச் சிறுவருக்கெனத் தொகுத்த இந்தியக் கதை நூலில் ‘சோதிடன் மகன்’ இடம் பெற்றான். தமிழ்நாட்டுத் திண்ணைகளில் உலவிய கதை, எட்டே ஆண்டுகளுள் ஆராய்ச்சி இதழின் வழியாகவும் நூல்களின் வழியாகவும் இங்கிலாந்துச் சிறுவர் கைக்குச் சென்று சேர்ந்தது.

இத்தகைய தொண்டு நம் நாட்டளவில் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டை நோக்கின், விந்தைக் கதை ஒரு மொழிக்கு எத்துணை ஆக்கம் தரும் என்பது விளங்கும். அந்நாடு 1814 வரை டென்மார்க்கு அரசின்கீழ் இருந்தது. அதனால் மக்கள் பேசியது ஒன்று, எழுதியது டேனிய மொழி என்னும் நிலை ஏற்பட்டது. 1841 முதல் ஆஸ்பியோர்ன்சன், மோ என்னும் நண்பர் இருவர் ஊர் ஊராகத் திரட்டிய கதைகளை அச்சிட்டனர். மலைக்குகைகளில் வாழும் ‘திரோல்’ என்னும் பூதங்களைப் பற்றிய கதைகளை, மக்கள் சொல்லும் நடையை ஒட்டி அவர்கள் எழுதினர். அந்நடை நார்வேயின் எழுத்துமொழி தனித்து வளர்வதற்குப் பெருந்துணை ஆயிற்று. இன்று அந்நாட்டில் பூக்மோல், நீநொர்ஸ்க் என இரண்டு எழுத்து வழக்குகள் உள்ளன.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்தைக் கற்பித்த பேராசிரியர் டோல்கின் (1892–1973) ‘மோதிரங்களின் தலைவன்’ என்று பொருள்படும் பெருங்கற்பனை நூலை 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டார். தம் கதைகளில் வரும் குள்ளர் பலருக்கும் கந்தால்ஃப் என்னும் மந்திரக் கிழவருக்கும் அவர் வடநாட்டுப் பழம்பாடல் ஒன்றிலிருந்து பெயர் எடுத்தார். அப்பாடல் அமைந்த பழைய மொழியின் வழிவந்ததே நார்வே மொழி. ஆதலால் அந்நூலை நார்வே மொழியில் பெயர்ப்பது, தம் வீட்டிலிருந்து இரவல் சென்ற பொருளை மீண்டும் வீட்டிற்குக் கொண்டு வருவதை ஒக்கும். மொழிபெயர்ப்பாளர் தம் மனம்போனவாறு பெயர்களை மாற்றுதல் கண்ட டோல்கின், எப்பெயரைப் பொருள் நோக்கி மாற்றலாம், எதனை அவ்வாறே விடல் வேண்டும் என்று ஒரு வழிகாட்டியும் எழுதிவைத்தார். அவர் மறைந்த பின்னர் 1975-இல் அது வெளிவந்தது. நார்வேயில் அந்நூல் இரண்டு எழுத்து வழக்கிலும் கிடைக்கின்றது. பூக்மோலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்துள்ளனர். டோல்கினின் ‘சில்மரில்லியன்’ என்னும் தொன்மக் கதை நூலை வரலாற்று அறிஞரான நில்ஸ் இவார் ஆகெய் 1994-இல் நார்வே மொழிக்குத் தந்தார். டோல்கினைப் பற்றிய ஆராய்ச்சி நூலையும் எழுதினார். ஆராய்ச்சியும் மொழிபெயர்ப்பும் ஒரே கையில் அமைந்தமைக்கு அவர் நல்லதோர் எடுத்துக்காட்டு.

பெயரின் பொருளை நாடுவதில் நார்வேயர் காட்டும் உழைப்பிற்கு மற்றொரு சான்றும் உண்டு. சிறுவர் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் கதையில் வரும் பள்ளித் தலைவரின் பெயர் டம்பிள்டோர். ஆங்கில வட்டார வழக்கில் அச்சொல் ரீங்காரமிடும் பெருவண்டைக் குறிக்கும். அதனை உணர்ந்த நார்வே மொழிபெயர்ப்பாளர் தோர்ஸ்தைன் பூகெ ஹோவர்ஸ்டாட், தம் மொழியில் வண்டினைக் குறிக்கும் ‘ஹும்லெ’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டு ‘ஹும்லெஸ்னுர்’ என்று பெயரிட்டார். ஒரு பெயரைப் பெயர்க்க ஒரு மொழியின் வட்டார வழக்கையே துருவ வேண்டியிருந்தது. மட்டியும் மடையனும் ஆங்கிலத்திற்குச் சென்றபோது எழுந்த அதே வினா, இங்கும் எழுந்து தக்க விடை பெற்றது.

1980-களிலிருந்து ஈழத்தமிழர் பலர் நார்வேயில் குடியேறி வாழ்கின்றனர். வீட்டில் தமிழும் பள்ளியில் நார்வே மொழியும் பயிலும் பிள்ளைகள் அங்கே உளர். நம் நாட்டிலும், கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் நகர்களில் தமிழ்ப் பள்ளியில் பயிலும் வேற்று மாநிலத் தொழிலாளரின் மக்கள் உளர். இரு மொழிகள் கூடும் இடத்தில் பிறந்தோர் ஏரியின் மதகில் நிற்பவரை ஒப்பர். இப்பக்கத்து நீரை அப்பக்கம் பாய்ச்சும் வாய்ப்பு அவர்களுக்கே மிகுதி. ஆயினும், இரு மொழியைப் பேசத் தெரிந்த அளவிலே ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. பாபிங்டன் தமிழிலக்கணத்தைக் கற்ற பின்னரே தமிழ்க் கதையைத் தொட்டார். நடேச சாஸ்திரி கல்லெழுத்தைக் கண்ட கண்ணால் கதையையும் கண்டார். அவ்வுழைப்பே அவர்களுடைய நூல்களுக்கு உயிர் தந்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னும் எழுதப்படாத கதைகள் முதியோர் நாவில் உள்ளன. அவற்றைக் கேட்பதற்கு மாலைப் பொழுதில் சிறிது நேரமும், சொன்னவாறே எழுதுவதற்கு ஒரு குறிப்பேடும் போதும். சொன்னவர் பெயரையும் ஊரையும் நாளையும் அதனோடு குறித்துவைத்தல் வேண்டும். பதுமநாபன் பெயரை ரொகேரியுசு குறித்திராவிடின் அவ்வந்தணரை இன்று யாரும் அறியார். இன்று ஒரு மாணவர் குறித்துவைக்கும் கதையை, நாளை ஓர் அறிஞர் ஆராயலாம். மறுநாள் அது வேற்று மொழி ஒன்றில் வேற்று நாட்டுச் சிறுவனுக்கு இன்பம் தரலாம். எழுதாது விட்டால், சொல்லும் முதியவர் மறையும் நாளில் கதையும் மறையும். வேதாளத்தை எத்தனை முறை இழந்தாலும் விக்கிரமாதித்தன் மீண்டும் மரத்தடிக்குச் சென்று அதனைத் தூக்கி வந்தான். நாவினின்றும் மறைந்த கதைக்கோ திரும்பிச் சென்று தேடுவதற்கு மரம் ஒன்று இல்லை.